பேரரசரின் விரல் பட்ட ரொட்டிக்காரன்

உலகில் நாகரிகம் என்று ஒன்று மிச்சமிருந்தால், அது தொர்வானாப் பேரரசின் மகாநினைவு மாமண்டபத்துக்குள்தான் இருக்கிறது. வெளியே இருந்ததையெல்லாம் நாங்கள் உள்ளே கொண்டுவந்துவிட்டோம். அம்மண்டபத்தின் துணைத் தூசி அதிகாரி என்ற முறையில் இதைத் தலைநிமிர்ந்து சொல்கிறேன்.

எங்கள் சட்டம் எளிமையானது. பேரரசர் நான்காம் ஊஸ்மிரின் திருவிரல் எதன்மீது படுகிறதோ, அது அக்கணமே தேசியச் சின்னம். சாமானியர் அதைப் பிறகு பயன்படுத்தலாகாது. மண்டபத்தில் சேர்த்துவிட வேண்டும். லூம் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி பேரரசர் இயற்கையை ரசித்தார், பாலம் வந்துவிட்டது. ஆறு மட்டும் வரவில்லை. அதற்குத் தேசபக்தி போதாது.

சென்ற அறுவடைத் திருவிழாவில் தார்ஷிக் என்ற ரொட்டிக்காரனின் தோளில் தட்டி, "ரொட்டி பிரமாதம்" என்றார் பேரரசர். அவனும் வந்து சேர்ந்தான்.

பாலத்துக்கும், பேரரசர் தடவிக்கொடுத்த ஓர் ஆட்டுக்கும் நடுவே அவனைப் பீடத்தில் நிறுத்தினோம். காலையும் மாலையும் நானே தூசி தட்டுவேன். இறகு மூக்கில் பட்டால் தும்முவான். மற்றபடி ஒழுக்கமான சின்னம். சின்னங்களுக்கு உணவளிக்க விதியில்லை. ஆகவே 'பூச்சி அரிக்காமல் பராமரித்தல்' என்ற தலைப்பின்கீழ் அவனுக்குக் கஞ்சி ஊற்றினோம்.

அவன் மனைவி பெல்கூனா இடுப்பளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து, ஈரப் பாவாடையோடு அடிக்கடி வந்து நிற்பாள்.

"அண்ணே, எம் புருஷன விடுங்கண்ணே. அடுப்பு அணைஞ்சு கெடக்கு."

"அவர் உன் புருஷன் இல்லம்மா. தேசத்தோட சொத்து."

"அப்போ தேசம் வந்து மாவு பிசையட்டும்!"

"பெல்கூ, கம்பளி கொண்டாந்தியா?" என்றான் தார்ஷிக், பீடத்திலிருந்து.

"சின்னம் பேசக் கூடாது!" என்று அதட்டினார் தலைமைக் காப்பாளர் ஓர்வெக். பண்பாட்டுக்காகவே உயிர் வாழ்பவர். பிறர் உயிரையும் அதற்கே ஒதுக்கியிருந்தார்.

மழைக்காலம் நெருங்கியது. ஈரத்தில் சின்னங்கள் கெடாதிருக்க, எல்லாவற்றுக்கும் அரக்குப் பூச ஆணை வந்தது. பெல்கூனா அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

"உடம்பெல்லாம் அரக்கு பூசினா மனுஷன் மூச்சு எப்படிங்க விடுவாரு?"

"மூச்சு விடற சின்னம் ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார் ஓர்வெக், மிகுந்த பரிவுடன்.

பூச்சு விழாவைத் தொடங்கிவைக்கப் பேரரசரே எழுந்தருளினார். அரக்குச் சட்டி கொதித்தது. தூரிகையை நனைத்துத் தார்ஷிக்கின் கன்னத்தருகே கொண்டுபோனார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எனக்கும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. கடமையுணர்ச்சியால் அதை அடக்கிக்கொண்டேன்.

அப்போது அரக்குப் புகை பேரரசரின் மூக்கில் ஏறியது. அவருக்கு ஊட்டவும் உடுத்தவும் சொறியவும் தனித்தனி அதிகாரிகள் உண்டு. சொறியும் அதிகாரி அன்று விடுப்பு. பேரரசர் பொறுத்துப் பார்த்தார், நெளிந்தார், பிறகு தம் மூக்கைத் தாமே சொறிந்துகொண்டார்.

"தொட்டுட்டாரு! எல்லாரும் பாத்தீங்கல்ல, மூக்கத் தொட்டுட்டாரு!" என்று கத்தினாள் பெல்கூனா.

சட்டம் அறிந்த ஓர்வெக்கின் கண்களில் நீர் தளும்பியது.

"பிரபு... அந்த மூலையில ஒரு பீடம் காலியாத்தான் இருக்கு."

"யோவ், நான் உன் ராஜாய்யா!"

"சின்னம் பேசக் கூடாது" என்றான் தார்ஷிக்.

தூரிகைக்காரர்கள் கடமை தவறாதவர்கள். பேரரசர் பக்கம் திரும்பினார்கள்.

"சட்டத்த மாத்துங்கய்யா! மூக்கு இருக்கற எதுவும் சின்னம் இல்லன்னு எழுதுங்க! சீக்கிரம்!"

ஒரு சின்னம் ஆணை பிறப்பிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். என் உத்தியோகம் நினைவுக்கு வந்ததால் மூடிக்கொண்டேன்.

தூரிகை காய்வதற்குள் சட்டம் திருந்திவிட்டது. தார்ஷிக் இறங்கினான், ஆடும் இறங்கியது. பெல்கூனா அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பினாள்.

"அண்ணே, பாலம்?"

"அதுக்கு மூக்கு இல்லையேம்மா."

இருவரும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிப் போனார்கள்.

எங்கள் பேரரசரின் கருணையை இனி யார் சந்தேகிக்க முடியும்? துன்பம் தம் மூக்கை எட்டிய அந்த நொடியே சட்டத்தைத் திருத்தியவர் அவர். பாலத்துக்கும் விடிவு வரும். பேரரசர் தம் திருவடி நனைய லூம் ஆற்றில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.