பாங்காக் அண்ணாச்சியின் மூக்கு

“ஒனக்கு மூக்கு இருக்கா, இல்ல மூக்குத்தி போடதுக்கு மட்டும் வச்சிருக்கியா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை பாங்காக் அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். மதுரையில் விடுதியில் தங்கி மூன்று வருடம் ஓட்டல் நிர்வாகம் படித்து, முதல் வகுப்பில் தேறி, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆடுகள், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அண்ணாச்சி சான்றிதழை வாங்கினார். படிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். “பிளாஸ்டிக்கு வாசம்தான் அடிக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

கோபக்காரச் சமையல்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் சாப்பிட வந்தவர் கையிலிருந்து மெனு கார்டைப் பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொன்னவர் இந்தப் பூமியில் இவர் ஒருவர்தான். அப்படியும் அவருடைய மேசைகள் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

ஐந்து வருடத்துக்கு முந்தின கதை இது. கோவில்பட்டி பைபாஸில் ஒரு லாட்ஜ், அதன் மாடியில் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. எங்கள் முதலாளி தீப்பெட்டி ஏற்றுமதி செய்பவர். வியாபாரத்துக்கு பாங்காக் போன இடத்தில், ஒரு பெரிய ஓட்டல் அடுப்படியில் கடம்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பதினோரு வருடமாகச் சமைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, கையோடு கூட்டி வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் பாங்காக் அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால், “அத வச்சு என்ன செய்யப் போற” என்பார்.

அவருடைய முறை இதுதான். மேசைக்கு வருவார். கார்டைப் பறிப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டிய?”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதல்முறை வந்தபோது, “ஃப்ரைடு ரைஸ் கொண்டாப்பா” என்றார்.

“மத்தியானம் என்ன சார்?”

“கத்தரிக்காய் புளிக்குழம்பு. அது எதுக்கு உனக்கு?”

“அப்ப புளிப்பு ஆகாது. தேங்காப்பால் கறி வரும். தொட்டுக்கிட ஒண்ணும் கிடையாது. குடிக்க நன்னாரி.”

“நான் கேட்டது ஃப்ரைடு ரைஸ்.”

“பரீட்சையில கேள்விய பிள்ளையளா கேக்கும்? வாத்தியார்தான சார் கேக்கணும்.”

தலைமையாசிரியர் தேங்காய்ப்பால் கறியைச் சாப்பிட்டார். மறுவாரம் குடும்பத்தோடு வந்து, கார்டைத் தொடாமல், மத்தியானச் சாப்பாட்டை வரிசையாக ஒப்பித்தார்.

அவரிடம் பொய் சொல்ல முடியாது. புதியம்புத்தூரிலிருந்து வந்த தையல்கடைக்காரர் ஒருவர், கூட வந்தவர்கள் முன்னால் கௌரவமாக இருக்கட்டும் என்று மத்தியானம் பிரியாணி என்றார். அண்ணாச்சி அவருடைய வலது கையைப் பிடித்துக் கைகுலுக்குவது போலத் தூக்கி முகர்ந்தார். “கருவாடு. அதுவும் சாளைக் கருவாடு. வெக்கப்படாதிய, ராசா சாப்பாடு அது. பப்பாளிக்காய் சாலட்டு தாரேன், சரியாச் சேரும்” என்றார். தையல்கடைக்காரர் அன்று மூன்று தட்டு சாலட் சாப்பிட்டார். கடம்பூர் ஸ்டேஷனில் போளி தின்றுவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் தண்டனை உண்டு. நாக்கில் இனிப்பு நிற்கிறது என்று, புளிப்புச் சூப்பை ஒரு கிண்ணம் குடித்து முடிக்கும்வரை வேறு எதையும் கண்ணில் காட்டமாட்டார்.

தட்டுக்கும் தம்ளருக்கும் பொருத்தம் பார்ப்பதை அவர் சேர்மானம் என்பார். குடிக்காத குடும்பங்களுக்கு நன்னாரி, மோர், பன்னீர் சோடா. குடிப்பவர்களுக்கு வைன். இதில் விசேஷம் என்னவென்றால், அண்ணாச்சி தன் வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் நாக்கில் பட்டு அறியாதவர். பாங்காக்குக்குக் கிளம்பும்போது குலதெய்வம் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர். ஆகவே எல்லாம் மூக்குதான். புட்டியைத் திறந்து தக்கையை முகர்வார், கண்ணை மூடுவார், தீர்ப்புச் சொல்வார்.

“இது நுங்குத் தண்ணி வாசம். எறா சூப்புக்கு.”

“இது வெள்ளரிப்பழம் வெடிச்ச வாசம். ஒறைப்பு கூடுன கறிக்கு.”

“இது பருத்திமார் வெறகு எரிஞ்ச அடுப்பு. சுட்ட கோழிக்கு.”

ஒருமுறை விலை உயர்ந்த சிவப்பு வைனை முகர்ந்துவிட்டு, “நனைஞ்ச ஆட்டு வாசம், யாருக்கும் குடுக்காத” என்றார். ஆட்டுக்காரர் மகள் என்ற உரிமையில் நானும் முகர்ந்தேன். எங்கள் வெள்ளாடு மழையில் நின்றதைப் போலத்தான் இருந்தது. இன்னொருநாள் அண்ணாச்சி எதற்கோ சிரித்தபோது, கிளாஸிலிருந்து ஒரு துளி அவர் உதட்டில் தெறித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் பதினேழு முறை வாய் கொப்பளித்தார்.

நான் இதையெல்லாம் பெரும்பாலும் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை டெலிபோன் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் படித்ததோ மேசையருகே நின்று பரிமாறுவதற்கு. எங்கள் வட்டாரத்தில் எந்த ஓட்டலிலும் ஒரு பெண் மேசைக்குப் போய் நின்றதில்லை, அதிலும் வைன் ஊற்றியதே இல்லை. ஆறு மாதம் முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“ஊரு என்னம்மா சொல்லும்?” என்பார் முதலாளி.

“அந்தப் பிள்ளைக்கு மூக்கு கெடையாது மொதலாளி” என்பார் அண்ணாச்சி, அடுப்படியிலிருந்து.

அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. கேட்டால், “அங்கன போயி போனை எடு, அடிக்குது” என்று துரத்துவார்.

ஒருநாள் வாய்ப்பு தானாக வந்தது. தீப்பெட்டி வாங்குவதற்கு ஐரோப்பாவிலிருந்து நான்கு வியாபாரிகள் வந்திருந்தார்கள். மத்தியானம் எங்கள் கடையில் விருந்து. ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னைக்கு ஒரு வேளை நீ மேசைக்கு நில்லு. ஒழுங்கா நடந்துச்சுன்னா நாளையிலருந்து அதான் உன் வேலை. ஏதாச்சும் கோளாறு ஆச்சு, பெறவு இந்தப் பேச்ச எடுக்கப்படாது.”

நான் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி வந்து என்னிடம், “அவிய காலையில என்ன சாப்பிட்டாவன்னு கேளு” என்றார். கேட்டுச் சொன்னேன்.

“ரொட்டியச் சுட்டுத் தின்னுட்டு வந்திருக்காவளா? பாவம். இதுக்கு எதச் சேக்க” என்று உண்மையாகவே வருந்தினார். பிறகு எலுமிச்சையும் பச்சை மிளகாயும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன் என்று முடிவு செய்தார். அதற்கென்று முதலாளி சென்னையிலிருந்து வெள்ளை வைன் வரவழைத்திருந்தார். அண்ணாச்சி புட்டியைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

“அருமையான வாசம். நம்ம வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு. ஊத்து.”

நான் முகர்ந்தேன்.

“அண்ணாச்சி, இதுல தீக்குச்சி ஒரசுன நெடி அடிக்கி.”

“எங்கன?”

அடுப்படியில் இருந்த ஐந்து பேரும் வரிசையாக முகர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. “நல்லாத்தான் இருக்கு”, “மணமா இருக்கு” என்றார்கள். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. அத்தனை பேரும் தீப்பெட்டி ஆபீஸ் வீடுகளில் பிறந்தவர்கள். தொட்டிலிலேயே அந்தத் தீக்குச்சி மருந்து நெடியைக் குடித்தவர்கள். அவர்களுக்கு அது வாசமே இல்லை, காற்று. பதினோரு வருடம் வெளியே இருந்த அண்ணாச்சிக்கும் அது வீட்டு வாசமாகத்தான் பட்டது, கோளாறாகப் படவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மதுரை விடுதியில் முதல் வாரம் அறைத்தோழி, “உன் பெட்டியைத் திறந்தா ஏன் தீக்குச்சி கொளுத்தின மாதிரி இருக்கு?” என்று கேட்டபோது அவள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். மூன்று வருடம் வெளியே இருந்துவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், என் ஊருக்கு ஒரு வாசம் உண்டென்று எனக்கே தெரிந்தது.

“இத இப்படியே ஊத்த மாட்டேன் அண்ணாச்சி.”

“பதினோரு வருசம் மோந்தவன் நான். போனு எடுக்கவ சொல்லுதியா?”

“ஆமா, சொல்லுதேன்.”

அவர் முறைத்தார். நான் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். ஒரு மடக்கு மட்டும் ஊற்றி, அவர்களில் மூத்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “ஐயா, இதில் உரசிய தீக்குச்சி வாசம் இருக்கிறது. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.” முதலாளிக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். புரிந்த பாதியிலேயே அவர் முகம் செத்துவிட்டது.

மூத்தவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். “உண்மை. நாங்கள் தீக்குச்சி வாங்கத்தான் வந்தோம், அதைக் குடிக்க இல்லை” என்று சிரித்தார். மற்ற புட்டிகளையும் திறந்து பார்த்தோம். எல்லாம் அதே நெடி.

என் கல்லூரி நோட்டில் ஒரு வரி இருந்தது. இந்த நெடி காற்றுப் பட்டால் போய்விடும். அதற்கென்று கண்ணாடிக் கூஜா உண்டு. எங்களிடம் இல்லை. நான் மாடிப்படியில் ஓடிப்போய், கீழே டீக்கடை மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

“மாஸ்டர், இத ஒரு ஆத்து ஆத்தித் தாங்க.”

“சீனி போடணுமா?”

“ஒண்ணும் போட வேண்டாம். ஒசரமா ஆத்துங்க.”

மாஸ்டர் இரண்டு எவர்சில்வர் சொம்புகளைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். சென்னையிலிருந்து வந்த வெள்ளை வைனைத் தலைக்கு மேலிருந்து இடுப்பு வரைக்கும் இழுத்து ஆற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு முறை ஆற்றி முடித்ததும் சொம்பை அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அவர் கண்ணை மூடி முகர்ந்தார்.

“போயிருச்சு” என்றார் மெதுவாக. “போன பெறவுதான், இருந்ததே தெரியுது.”

பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்: “மொதலாளி, இந்தப் பிள்ள சொன்னதுதான் சரி. நாந்தான் பெசகிட்டேன்.” அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதை அந்தக் கடையில் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. மறுநொடியே, “வாசம் போயிட்டுல்லா, இனி மீனுக்கு எலுமிச்சை பாதி போதும், ஓடு, அடுப்புல சொல்லு” என்று என்னை விரட்டவும் செய்தார்.

நான் ஓடவில்லை. “அத நீங்க பாருங்க அண்ணாச்சி. நான் மேசைய விட்டு நகர முடியாது” என்றேன். அவர் ஓடினார். நான்கு கிளாஸிலும் நான் ஊற்றினேன். மறுநாளிலிருந்து டெலிபோன் அடித்தால் எடுக்க வேறு ஆள் வந்துவிட்டது. கோவில்பட்டி என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? பெண்கள் கூட்டமாகச் சாப்பிட வர ஆரம்பித்தார்கள்.

நான்கு வருடம் அங்கே நின்றேன். இந்த வருடம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் தாய் உணவகத்தில், வைன் பொறுப்புக்கு விண்ணப்பித்தேன். முன்பு கூட வேலை பார்த்த மூத்தவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார்கள். அண்ணாச்சிக்கு எழுத வராது. “நான் சொல்லுதேன், நீ எழுது. ஒரு வார்த்தை மாத்தப்படாது” என்றார். எனக்கான பரிந்துரையை நானே எழுத உட்கார்ந்தேன்.

“இந்தப் பிள்ளைக்கு வாய் கூடுதல். சொன்னதக் கேக்காது. விருந்தாளிய முன்னால என்னையத் திருத்திச்சு. சரியாத்தான் திருத்திச்சு. எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் அண்ணாச்சி.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இத நல்லா வச்சிக்கிடணும். ஒங்களுக்குச் சரிப்பட்டு வரலன்னா திருப்பி அனுப்பிருங்க, எங்களுக்குச் சந்தோசந்தான். அதையும் எழுது.”

ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். போன திங்கட்கிழமை இங்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.