மசியல்: அப்பாவுக்கு மட்டும்

மசியல் கெட்டிப்படுவதாக இல்லை. கிண்டக் கிண்ட இளகிக்கொண்டே போனது.

வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ வைத்திருந்த படக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் மனைவி ஒட்டியிருந்த சீட்டை மூன்றாவது தடவையாகப் படித்தார். 'உருளைக்கிழங்கு மசியல் ஃப்ரீசரில். நாலு கரண்டி எடுக்கவும். அரை டம்ளர் பால், ஒரு துண்டு வெண்ணெய். சிறு தீ. கைவிடாமல் கிண்டவும். உப்பு, மிளகு கடைசியில். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். மிச்சத்தை உடனே உள்ளே வைக்கவும்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு: 'ருசி பார்க்க வேண்டாம். உங்கள் சளி அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும்.'

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அதனால் அந்த வீட்டில் எழுதி ஒட்டாத டப்பா கிடையாது. உப்புக்குக்கூட வாங்கிய தேதி உண்டு. எட்டு வருஷக் குடித்தனத்தில் படக்காரர் ஒன்று கற்றுக்கொண்டிருந்தார். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை, மூடியில் எழுதியிருப்பதைப் படித்தால் போதும்.

இப்போது அவர் கையிலிருந்த டப்பாவின் மூடியில் அவளுடைய குண்டு எழுத்தில் தெளிவாக இருந்தது: 'மசியல். அப்பாவுக்கு மட்டும்.'

சாப்பாட்டு மேஜையில் மாமனார் கரண்டியால் தட்டில் ஒரு தட்டுத் தட்டினார். புதுப் பல்செட் கட்டி நாலு நாள் ஆகிறது. அன்றிலிருந்து மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் ஒரு தட்டு, தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு தட்டு.

"இதோ ஆச்சு மாமா" என்று சொல்லிவிட்டு, பெரிதாக ஒரு தும்மலும் போட்டுவிட்டு, படக்காரர் மனைவிக்குப் போன் செய்தார்.

"தண்ணியா இருக்கு."

"எவ்வளவு பால் ஊத்தினீங்க?"

"நீ எழுதின மாதிரி அரை டம்ளர்தான்."

"எந்த டம்ளர்?"

படக்காரர் மேடையில் வரிசையாக நின்ற மூன்று அளவு டம்ளர்களைப் பார்த்தார்.

"சரி, இன்னும் ரெண்டு கரண்டி மசியல் போடுங்க. கெட்டியாயிடும். கடைல ஆள் நிக்கிறாங்க, வைக்கிறேன்."

இரண்டு கரண்டி போட்டார். இன்னும் இளகியது. மறுபடி இரண்டு போட்டார். கஞ்சி மாதிரி ஆனது. இதுதான் வழி என்று மனைவியே சொன்ன பிறகு வேறு வழியை யோசிக்க அவருக்குத் தைரியம் இல்லை. போட்டார், கிண்டினார், போட்டார், கிண்டினார். கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். பாத்திரம் நிறைந்தது, டப்பா காலியானது, மசியல் மட்டும் வந்தபாடில்லை.

உப்புப் போட்டார். மிளகைத் தாராளமாகத் தூவினார். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டுபோய் வைத்தார்.

"கொஞ்சம் இளக்கமா வந்துடுச்சு மாமா. பல்லுக்கு நல்லதுதான்."

மாமனார் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு மெதுவாகச் சரியானது. கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்து முடித்து, காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

படக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சில வருஷமாகவே அவர் போட்டுக்கொடுத்த காபியைக்கூட மாமனார் பாதியில் வைத்துவிடுவார். அது சர்க்கரையில்லாத காபி என்பது வேறு விஷயம். மாமனாருக்கு நீரிழிவு வந்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் இனிப்பு என்று ஒரு பொருள் வாசல்படி தாண்டியதில்லை. மகள் மருந்துக் கடைக்காரியாயிற்றே, விடுவாளா?

இரண்டாவது கிண்ணத்தையும் ஊற்றி வைத்துவிட்டு, பாத்திரத்தை அங்கேயே மேஜை மேல் விட்டுவிட்டு, படக்காரர் தன் வேலைக்குத் திரும்பினார்.

அன்றைய வேலை சாதாரண வேலை இல்லை. ஐஸ்கிரீம் கம்பெனி முதலாளியம்மா பத்து மணிக்கு வருகிறார். புது வெனிலா ஐஸ்கிரீமைப் படம் எடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்கக் கம்பெனியின் எல்லாப் படமும் இவருக்குத்தான். பிடிக்காவிட்டால், முன்னறையைக் காலி செய்து விளக்குகளை விற்றுவிட்டு, மறுபடியும் 'தாடையைக் கொஞ்சம் தூக்குங்க' என்று பாஸ்போர்ட் படம் எடுக்கப் போக வேண்டியதுதான்.

முதலாளியம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. அதைப் போனிலேயே சொல்லியிருந்தார்: "படத்துல இருக்கிறது என் ஐஸ்கிரீமாத்தான் இருக்கணும் தம்பி. போன தடவை எடுத்தவன் உருகாம இருக்கணும்னு உருளைக்கிழங்கை மசிச்சு உருட்டி வச்சுட்டான். கேமராவோட வெளிய அனுப்பிட்டேன்."

இன்னும் அச்சடித்த பெட்டி வராததால் ஐஸ்கிரீமை வெறும் வெள்ளை டப்பாவில் அனுப்பியிருந்தார். போன வாரம் அளவு பார்க்க அனுப்பிய காலி டப்பாவும் அதே வெள்ளைதான். அதைக் கழுவித்தான் மனைவி மிச்ச மசியலைச் சமமாக அழுத்தி வைத்திருந்தாள். நேற்று சாயங்காலம் ஐஸ்கிரீம் வந்தபோது வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்ததே அவர்தான். மனைவி வந்ததும் முதல் வேலையாக அதன் மூடியிலும் எழுதி ஒட்டிவிட்டாள்: 'ஐஸ்கிரீம். படப்பிடிப்புக்கு. யாரும் தொடக் கூடாது.'

படக்காரர் அந்த டப்பாவைத் திறந்தார். கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில், பார்க்க லட்சணமாக இருந்தது. கண்ணாடிக் கோப்பையில் மூன்று உருண்டை எடுத்து வைத்தார். விரலில் ஒட்டியதை நக்கினார்.

இனிக்கவே இல்லை.

மூக்கு அடைத்திருந்தாலும் நாக்கு வேலை செய்தது. இன்னொரு தடவை நக்கினார். உருளைக்கிழங்குதான். காலியான டப்பா ஞாபகம் வந்தது. மிளகு ஞாபகம் வந்தது. மாமனாரின் மூடிய கண்கள் ஞாபகம் வந்தன.

அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

முதலாளியம்மா உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். "நீங்க எடுங்க தம்பி. நான் பாத்துட்டிருக்கேன்."

சொல்லிவிடலாம் என்று படக்காரர் வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. விளக்குகளைப் போட்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து நிமிஷம் ஆயிற்று. கோப்பையில் இருந்தது அசையவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு சூட்டிலயும் நிக்குது. பால் அப்படி" என்றார் முதலாளியம்மா, பெருமையாக.

"ஆமாம்மா. பால்தான்."

"ஆனா ஒண்ணு. ஒரே ஒரு சொட்டு வழியணும். அப்பத்தான் பாக்கிறவனுக்கு நாக்குல ஊறும். விளக்கைக் கிட்டக் கொண்டு வாங்க."

கிட்டக் கொண்டுவந்தார். சொட்டு வழியவில்லை. ஓரம் லேசாகச் சிவக்க ஆரம்பித்தது. சிறிது ஆவியும் கிளம்பியது.

முதலாளியம்மா மோந்து பார்த்தார். "என்ன வாசனை இது? கிழங்கு வாசனையா இருக்கே."

"மாமனாருக்குச் சமையல். பல்லு கட்டியிருக்கார். இதோ, அடுப்பைப் பாத்துட்டு வந்துடறேன்."

சமையலறைப் பக்கம் ஓடினார். மேஜையில் மாமனார் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார். படக்காரர் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி வழித்துக்கொண்டு திரும்பினார். கேமராவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, உருண்டையின் தலையில் மெல்ல விட்டார். அருமையாக ஒரு சொட்டு வழிந்தது. படபடவென்று ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டார்.

அப்பாடா என்று நிமிர்ந்தபோது முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கருப்புப் புள்ளி என்ன தம்பி?"

"வெனிலா விதைம்மா. உயர்ந்த வெனிலாவுல இருக்குமே."

"என் ஐஸ்கிரீம்ல விதையே கிடையாது. நான் போடறது எசன்ஸ்."

சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்து, சொட்டோடு சேர்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். ஐஸ்கிரீமை யாரும் மெல்வதில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். மெல்வதை நிறுத்திவிட்டுப் படக்காரரைப் பார்த்தார்.

படக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "உருளைக்கிழங்குதாம்மா. வேணும்னு வைக்கல. மூடி மாறிப்போச்சு. உங்க ஐஸ்கிரீமை மசியல்னு நெனச்சு, பால் ஊத்தி, மிளகு போட்டு, சூடு பண்ணி மாமனாருக்குக் குடுத்துட்டேன்."

"முழு டப்பாவுமா?"

"கெட்டியாகலையேன்னு போட்டுக்கிட்டே இருந்தேம்மா."

"இருபத்தாறு வருஷமா ஐஸ்கிரீம் விக்கிறேன். இப்படி ஒரு பொய்யை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. எங்க அந்த மாமனார்? காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போனார். மாமனார் தலையே நிமிரவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கரண்டி போதாமல் விரலை விட்டு வழித்தார். புதுப் பல்செட் பளபளக்க, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு, ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அந்த எழுபது வயசு முகத்தில்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது.

"என்ன தம்பி நிக்கிறீங்க? கேமராவை எடுத்துட்டு வாங்க. இதுல பொய் எங்க இருக்கு?"

வருஷம் முழுக்க வேலை உறுதியாயிற்று. போகும்போது முதலாளியம்மா வாசலில் நின்று, "மிளகு நல்லாத்தான் இருக்கு. யோசிப்போம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் படக்காரர் கேமராவில் இருந்த மாமனார் படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். வருஷம் முழுக்க வேலை என்று சொல்லியும் அவள் சந்தோஷப்படவில்லை. "அப்பா கையில என்ன அது?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் முதலில் அப்பாவின் விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் போனில் கேட்டு, சொன்னபடி மாத்திரை கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கணவன் பக்கம் திரும்பினாள்.

"மூடியில என்ன எழுதியிருந்துச்சு?"

"மசியல்னு. உன் கையெழுத்துலதான்."

"நான் மாத்தி மூடுவேனா? என் கையால அழுத்தி மூடினேன். நீங்கதான் சளி மயக்கத்துல மாத்தியிருக்கீங்க."

"நான் காலைலதான் முதல் தடவையா அந்த ஃப்ரீசரையே திறந்தேன். வீட்டுலயே இப்படின்னா, கடைல யாருக்கு எந்த மாத்திரை போச்சோ."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. இரண்டு மூடிகளையும் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு டப்பாவைச் சரியா மூடத் தெரியாதவ மருந்து எடுத்துக் குடுக்கக் கூடாது. நாளைக்கே வேலைய விட்டுடறேன்."

மேஜையில் ஒரு தட்டுக் கேட்டது. பசி என்று படக்காரர் எழுந்தார். இரண்டாவது தட்டுக் கேட்டது. தண்ணீர் என்று திரும்பினார். மூன்றாவதும் கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமனார் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நாலு நாளைக்குப் பிறகு வாய் திறந்து மகளிடம் சொன்னார்:

"முப்பத்தஞ்சு வருஷம் தபாலாபீஸ்ல ஊர்வாரியா கடுதாசி பிரிச்சுப் போட்டேன், ஒண்ணுகூட விலாசம் மாறிப் போனதில்லம்மா. இன்னைக்குக் காலைல நீ குளிக்கப் போனப்பதான், ஆயுசுல முதல் தடவையா, ரெண்டு மூடியை மாத்தி வச்சேன்; அதையும் உன் வீட்டுக்காரர் மிளகு போட்டுச் சூடு பண்ணிட்டார்."