கரடிக்காக மனு எழுதியவர்

கரடிக்காக அரசாங்கத்துக்கு மனு எழுதிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பூதப்பாண்டி தாலுக்கா கச்சேரி வாசலில், கால் ஆடும் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றிரண்டு அல்ல, நாற்பதுக்கு மேல் எழுதித் தள்ளினார். அத்தனையையும் வாங்கி, முத்திரை குத்தி, மேலே அனுப்பிய பாவம் என்னைச் சேர்ந்தது. நான் அப்போது அங்கே தபால் குமாஸ்தா. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'கரடிமனு'தான்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால், காசுக்கு மனு எழுதும் தொழிலில் அவருக்கு இருந்த மவுசே வேறு. ஒரு ஆடு செத்தால் நாலு என்று எழுதுவார். "நாலுன்னு எழுதினாத்தான் வேய், அதிகாரி ஒண்ணையாவது நம்புவாரு" என்பார். வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் போதும், அவர் பேனா பிரளயத்தைக் கொண்டுவந்துவிடும். அழுதுகொண்டு வந்த சம்சாரி ஒருவர், தம்முடைய மனுவையே வாசிக்கக் கேட்டு, இன்னும் பலமாக அழுதுகொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பலாப்பழக் காலத்தில் மலையடிவாரத்து ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு கரடி இறங்கி வந்து சக்கையைத் தின்கிறது, மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிப் போடுகிறது என்றார்கள். ஒரு கிழவரை விரட்டியிருக்கிறது. ஓடி விழுந்ததில் அவருக்கு முட்டில் சிராய்ப்பு. நடந்தது அவ்வளவுதான். நம்மாள் எழுதியதோ, 'மூன்று மனித உயிர்களைக் குடித்து, ரத்த ருசி கண்டு, நான்காம் உயிரைத் தேடி அலையும் துஷ்ட மிருகம்' என்று! ஒரே மாதத்தில் கூண்டு வைத்துக் கரடியைப் பிடித்து, மேற்கே ஒரு பட்டணத்து மிருகசாலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். எந்தப் பட்டணம் என்று கேட்காதீர்கள், அங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவருக்கு மாலையே போட்டார்கள்.

தாம் பிடித்துக்கொடுத்த கரடியைப் பார்க்க வேண்டாமா? வெளுத்த வேட்டியும் தோளில் நேரியலுமாக பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தவர் இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. மூன்றாம் நாள் நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏழடி வேய்" என்றார்.

"என்னது ஏழடி?"

"கூட்டுக்க நீளம். ஏழடி நடக்கும், திரும்பும். பொறவும் ஏழடி. காலத்த போனவன் அந்திவரைக்கும் நின்னு பாத்தேன். வேற ஒண்ணுமே செய்யல்ல. கீழ பூரா கல்லு. ஒரு பிடி மண்ணு கெடையாது வேய்."

அன்றைக்குத் தொடங்கியது. 'மனுதாரர்: கரடி, ஆண். வயது தெரியாது. ஸ்திரவாசம் கீரிப்பாறை மலை. தற்கால வாசம் ஏழாம் நம்பர் கூடு. மனுதாரருக்கு எழுதத் தெரியாததால் அவர்பொருட்டு எழுதியது' என்று ஆரம்பித்து, படுக்க மண்ணும் ஏற ஒரு மரமும் கேட்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு முத்திரை குத்தினேன். ஒரு மனு மட்டும் பதிலோடு வந்தது. மேலே எந்தக் குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் இருந்தானோ, 'மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும்' என்று எழுதியிருந்தான். கச்சேரியே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்க் கரடியைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை முகமெல்லாம் பல்லாக வந்தார். மிருகசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் சூப்பிரண்டு நல்ல மனுஷராம். கல்தரையை உடைத்துவிட்டு, மண்ணும் மாமரமும் குளமுமாகத் திறந்த முற்றம் கட்டுகிறாராம். காட்டில் கரடி குறைந்துவருவதால் இரண்டு பெட்டைக் கரடிகளையும் சேர்த்துவிட்டு, குட்டி போடவைக்கப் போகிறாராம். "நீரும் வாரும், ஒரு வார்த்தை நேர்ல கேட்டிருவோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சூப்பிரண்டு எங்களை உட்காரவைத்துப் பேசினார். எல்லாக் கரடியும் முற்றத்துக்குப் போகும், இந்த ஒன்றைத் தவிர என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு பழைய கட்டைப் பிரித்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார்.

"மூணு பேரைக் கொன்ன மிருகம். அதைத் திறந்துவிட்டா என் காவல்காரங்க கதி? இதை யார் எழுதினதோ தெரியலே, படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலே."

எழுதியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தம் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு ஒரு மனு வந்தது. அவர் வாழ்நாளிலேயே எழுதிய மிகச் சின்ன மனு. 'கரடி யாரையும் கொல்லவில்லை. கிழவருக்கு முட்டில் சிராய்ப்பு மட்டுமே. மூன்று சாவும் என் பொய். எழுதியவன் நான்.' கீழே முழுப்பெயரும் விலாசமும்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சர்க்காருக்குப் பொய் எழுதினேன்னு நீரே எழுதிக் குடுத்தா உள்ள தள்ளிருவான் வேய். கிழிச்சுப் போடும்."

"தள்ளட்டும். அங்கயும் ஏழடி இருக்கும்லா" என்றார்.

அவரை யாரும் உள்ளே தள்ளவில்லை. சூப்பிரண்டு ஆளனுப்பிக் கிழவரின் முட்டுச் சிராய்ப்பை விசாரித்துவிட்டு, கரடியை முற்றத்துக்கு மாற்ற உத்தரவு போட்டார். நாசமாய்ப் போனது நம்மாள் பிழைப்புதான். அதற்குப் பிறகு அவர் பேனாவில் பொய் வரவில்லை. "பசு எத்தன செத்துது?" "ஒண்ணு அண்ணாச்சி. நீரு மூணுன்னு போடும்." "ஒண்ணுன்னுதான் போடுவேன்." ஒரே பசுவுக்கு எவன் மனு எழுதக் காசு கொடுப்பான்? ஆட்கள் பக்கத்து மேஜைக்கு நகர்ந்தார்கள். ஒருநேரச் சோறு என்று ஆனது. நான் கொடுத்தால் வாங்கமாட்டார், அப்படி ஒரு வீம்பு.

மாற்றிய கரடியைப் பார்க்க மறுபடியும் இரண்டு பேரும் போனோம். மண் இருந்தது, மாமரம் இருந்தது, தண்ணீர் இருந்தது. கரடி ஒரு மூலையில் ஏழடி நடந்தது, திரும்பியது, ஏழடி நடந்தது. அங்கே தடுக்கச் சுவரே இல்லை. அவர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொறந்து விட்டும் அந்த ஏழடி போவல்லியே வேய். நான் என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன் பாத்தீரா."

"பழகிரும். கொஞ்ச நாளாவும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

கைக்காசு இல்லாத மாதங்களிலும் அவர் எப்படியோ போய்வந்தார். வந்ததும் "இன்னும் ஏழடிதான்" என்பார். பிறகு ஐம்பத்தாறில் ராஜ்ய எல்லை பிரிந்தது. நாங்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தோம், கரடி கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஊர் முழுக்க வெடி போட்டுக் கொண்டாடும்போது இவர் ஒருவர்தான், "இனி வேற சர்க்காருக்கில்லா எழுதணும்" என்று கவலைப்பட்டார். அந்த ஐப்பசி மழையிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கச்சேரிக்காரர்கள் நாலு பேர்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

பதினாறு கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கரடி மூலையில் இல்லை. மாமரத்தடியில் தோள் வரைக்கும் மண்ணுக்குள் இறங்கி, மூக்கை விட்டு, கறையான் தோண்டிக்கொண்டிருந்தது. ஈர மண் என் காலடிவரை தெறித்தது. பாவி மனுஷன் இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் விலகும்வரை காத்திருந்தேன். அரசாங்க குமாஸ்தா கரடியோடு பேசுகிறான் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது அல்லவா. பிறகு கம்பிவலையோரம் குனிந்து, சாவுத் துஷ்டி சொல்ல அவருக்கு இருந்த ஒரே ஆளிடம் சொன்னேன்:

"மக்கா, அவரு போயிட்டாரு."