சுரைக்காய்க்கு நாடி பார்த்த சுவாமி

அனகாபல்லி மண்டியில் வெல்லம் விலை ஏறிய நாளில்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பந்தனானந்த சுவாமி தரிசனம் தருகிறார் என்றால் மெயின் ரோட்டில் ஆட்டோ நகராது. நான்கு மாடிக் கட்டடம். சுவாமி இருப்பது நான்காவது மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் அது சுவாமிக்கும் பிரசாதத்துக்குப் போகும் வெல்லப் பெட்டிக்கும் மட்டும். பக்தர்கள் படியேறித்தான் வரவேண்டும். படி ஏற ஏறப் பாவம் இறங்கும் என்பது சுவாமியின் வாக்கு.

பாவம் இறங்கியதோ இல்லையோ, மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேர்ந்ததும் சிஷ்யர்கள் புதிதாக வந்த ஒவ்வொரு பக்தர் கையிலும் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்து இதயத் துடிப்பை உரக்கப் படிப்பார்கள். நூற்று முப்பது, நூற்று நாற்பது. கூட்டம் கலங்கிப்போகும். பிறகு ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, கண்ணை மூடி அரைமணி நேரம் மெதுவாக மூச்சுவிடச் சொல்வார்கள். மறுபடி படித்தால் எண்பது. ஆளுக்கு ஐம்பது துடிப்பைச் சுவாமி தன்மேல் வாங்கிக்கொண்டார் என்று சிஷ்யர்கள் அறிவிப்பார்கள். இத்தனை பேர் துடிப்பையும் வாங்கி அவர் எங்கே வைத்துக்கொள்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக வெல்ல மண்டித் தெருவில் டிபன் கடை வைத்திருப்பவன். இட்லி விற்க வந்து, பெசரட்டு என்னும் பச்சைப்பயறு தோசைக்காரனாக ஆனவன். ஊர் எதைத் தின்கிறதோ அதைப் போட்டுப் பழகிவிட்டதால், ஊர் எதைக் கும்பிட்டதோ அதையும் கும்பிட்டேன்.

சுவாமியின் சிறப்பு இதயச் சக்கரம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செம்புத் தகடு, அவ்வளவுதான். அதை வாட்ச்சின் அடிப்பக்கம் ஒட்டிக் கையில் கட்டிக்கொண்டால் மாரடைப்பு தெருமுனையிலேயே திரும்பிப் போய்விடும் என்றார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். அன்று முதல் என் இதயம் எழுபத்திரண்டிலேயே நின்றது. காலை எட்டு மணிக்கு, கல் அனல் அடிக்க, நாற்பது பேர் ஒரே குரலில் உப்மா பெசரட்டு கேட்கும்போதும் எழுபத்திரண்டு. அது அருள் என்று நினைத்தேன். ஆச்சரியப்பட்டேனே தவிர யோசிக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று அப்போது நினைத்திருந்தேன்.

என் கடைக்குத் தினமும் வருபவர் வெல்ல வியாபாரி அப்பலராஜு. வயது ஐம்பத்தெட்டு. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பியிருந்தாள். கட்டிய மூன்றாவது வாரம் அது ஒரு செய்தி காட்டியது: இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே செய்தி. அவர் மனைவி கொண்டம்மா பயந்துபோய் அவரை அழைத்துக்கொண்டு ஓடினாள். மருத்துவரிடம் இல்லை, சுவாமியிடம்.

சுவாமி கண்ணை மூடி, இது நோயே இல்லை என்றார். நெஞ்சுக்குள் அம்மன் சலங்கை கட்டி ஆடுகிறாள், அதனால்தான் தாளம் மாறுகிறது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை சலங்கையை நெரிக்கும், அதை நிறுத்திவிடு என்றார். ஒரு செம்புத் தகட்டை அவரே தன் கையால் ஒட்டினார். அதன்பின் வாட்ச் வாயைத் திறக்கவே இல்லை. செய்தி நின்றது. துடிப்பு எழுபத்திரண்டு. அப்பலராஜு அந்த ஆனந்தத்தில் வாராவாரம் பிரசாதத்துக்குப் பெட்டி பெட்டியாக வெல்லம் அனுப்ப ஆரம்பித்தார்.

கொண்டம்மாவின் தங்கை வகுளா விசாகப்பட்டினத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இருபத்தொன்பது வருடம் ஈசிஜி எடுத்தவள். ஓய்வு பெற்றபின் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தாள். வந்த மறுநாள் அக்கா கணவரோடு என் கடைக்கு டிபன் சாப்பிட வந்தாள். அவள் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க, பாவா?"

"பதினெட்டு நாளாச்சு. உடம்பு லேசா இருக்கு."

"லேசா இருந்தா தெருவைத் தாண்டறதுக்குள்ள ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

அப்பலராஜு இஞ்சிச் சட்னி கேட்டார். அவள் அவருடைய வலது கையை இழுத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. இடது கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தாள். அடியில் செம்புத் தகடு.

"வாட்ச்சுக்குக் கண்ணு அடிப்பக்கம் இருக்கு பாவா. பச்சையா மின்னுதே, அந்த வெளிச்சம்தான் ரத்தம் ஓடறதைப் பார்க்குது. அது உங்களுக்கு ஆபத்துன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கு. நீங்க அது கண்ணைக் கட்டிட்டு, இப்போ ஒண்ணும் சொல்றதில்லைன்னு சந்தோஷப்படறீங்க."

அப்படியானால் எழுபத்திரண்டு என்று எப்படிக் காட்டுகிறது என்று நான் கேட்டேன். என் கையிலும் தகடு இருந்ததால் எனக்குத்தான் அவசரம். பளபளப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ரத்தத்தின் அசைவு கிடைக்காவிட்டால், வாட்ச் எழுபதைச் சுற்றி ஏதோ ஓர் எண்ணை யூகித்துப் போட்டுவிடும் என்றாள். நம்பாவிட்டால் பாருங்கள் என்று சமையல்கட்டுக்குள் போய், சாம்பாருக்கு வைத்திருந்த சுரைக்காயை எடுத்து வந்தாள். அதன் கழுத்து சரியாக மணிக்கட்டுப் பருமன். தகட்டோடு வாட்ச்சைக் கட்டினாள். கொஞ்ச நேரம் வெறும் கோடு. பிறகு எழுபத்திரண்டு.

என் இதயமும் சாம்பார் சுரைக்காயும் ஒரே தாளத்தில் துடிப்பதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சோகத்தை விவரிக்க முடியாது.

அப்பலராஜு அசையவில்லை. சுவாமி ஞானக்கண்ணால் பார்ப்பவர், சுரைக்காய்க்கும் மனிதனுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும் என்றார். அவள் வாதாடவில்லை.

"மண்டியில வெல்லத்தை நாக்குல வைக்காம வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"இதையும் அப்படி ஒரு தடவை நாக்குல வச்சுப் பாருங்க. சாமி சுரைக்காயைக் கண்டுபிடிச்சுட்டா, நானும் தகடு ஒட்டிக்கிட்டு உங்ககூட மாடி ஏறறேன். கண்டுபிடிக்கலைன்னா இறங்கின கையோட ஆஸ்பத்திரி."

நாற்பது வருட வியாபாரி. சோதனை என்ற சொல்லுக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் வகுளா ஞாயிறு வரைக்கும் சும்மா இருக்கவில்லை. அன்று சனிக்கிழமை, மறுநாளே தரிசனம் என்றாலும், மத்தியானமே தன் பழைய மருத்துவமனை டாக்டருக்கு ஃபோன் செய்து மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வைத்துவிட்டாள். மாத்திரை நிற்காமல் இருந்தால்தான் பந்தயம் என்று கறாராகச் சொன்னாள்.

மறுநாள் அப்பலராஜுவைப் படியேற அவள் விடவில்லை. வெல்லப் பெட்டிகளோடு பெட்டியாக லிஃப்டில் ஏற்றினாள். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். வகுளா துணிப்பையோடு முதல் வரிசைக்குப் போய்விட்டாள்.

சுவாமி வெள்ளி நாற்காலியில் வந்து அமர்ந்தார். நேரில் வர முடியாதவர்களுக்குத் தூர தரிசனம் என்று ஒன்று உண்டு. பக்தரின் வாட்ச் ஆசிரமத்து ஆப் வழியாகச் சுவரில் உள்ள பெரிய திரையில் தெரியும். சுவாமி அதைப் பார்த்துப் பலன் சொல்வார். வகுளா எழுந்து கைகூப்பினாள்.

"எங்க பாவா அப்பலராஜு இன்னிக்கு முன்னாடி வர முடியலை சாமி. அவர் வாட்ச் ஓடிட்டிருக்கு. எப்படி இருக்கார்னு பார்த்துச் சொல்லணும்."

முன்னாடி வர முடியவில்லை என்றுதான் சொன்னாள். பொய்யே இல்லை. திரையில் அப்பலராஜு என்ற பெயர் வந்தது. எழுபத்திரண்டு. அலை அலையாக ஒரு கோடு. சுவாமி கண்ணை மூடினார். அப்பலராஜு வீட்டில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். சலங்கை ஓய்ந்துவிட்டது, அம்மன் சாந்தமாகிவிட்டாள், நெஞ்சிலிருந்த அடைப்பு புகையாக வெளியேறுவது தெரிகிறது என்றார். இனி டாக்டர் வாசலை மிதிக்கத் தேவையில்லை. செம்புத் தகட்டிலிருந்து வெள்ளித் தகட்டுக்கு மாறினால் போதும். கூட்டம் உருகியது.

"உருவம் தெரியுதா சாமி?" வகுளா கேட்டாள்.

"ஒளியா தெரியறார்."

"என்ன நிறத்துல?"

"இளம்பச்சை. நெஞ்சுக்குள்ள இருக்கற இதயச் சக்கரத்தோட நிறம் அதுதான்மா."

வகுளா பைக்குள் கையைவிட்டுச் சுரைக்காயை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அதன் கழுத்தில் வாட்ச்.

"நிறத்தை மட்டும் சரியா சொல்லிட்டீங்க," என்றாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஆனால் சுவாமி லேசான ஆள் இல்லை. புன்னகை மாறாமல், சுரைக்காயிலும் உயிர் உண்டு, அந்த உயிரின் துடிப்பையே தான் கண்டதாகச் சொன்னார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மாள் சுரைக்காயைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் ஐந்து நிமிடம் போனால் அதற்குக் குங்குமம் வைத்திருப்பார்கள்.

வகுளா நிதானமாக வாட்ச்சைக் கழற்றி, சுவாமிக்குப் பால் வைத்திருந்த வெள்ளித் தம்ளரில் கட்டினாள். திரையில் அறுபத்தெட்டு வந்தது. தம்ளருக்கும் உயிர் உண்டா என்று அவள் கேட்கக்கூட இல்லை.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்த அப்பலராஜு துண்டை உதறிவிட்டு எழுந்தார். மெல்ல நடந்து முன்னால் போனார். கூட்டம் வழிவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏமாந்த குழந்தையின் முகம் அது.

"சாமி, நான் வீட்டுல இல்லை. அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்," என்றார். "உங்க கையில கட்டியிருக்கற வாட்ச்சைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

சுவாமி கையைக் காவிச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஆனால் வெல்ல மூட்டை தூக்கி வளர்ந்த கை, பட்டுச் சால்வைக்குள் போன கையை எளிதாக வெளியே எடுத்துவிட்டது. அப்பலராஜு அதிலிருந்த வாட்ச்சைத் தளர்த்தித் திருப்பினார். அடியில் தகடு இல்லை. பச்சை வெளிச்சம் தடையில்லாமல் மின்னியது. ஊரார் வாட்ச்சின் கண்ணையெல்லாம் கட்டியவர் தன்னுடையதை மட்டும் திறந்தே வைத்திருந்தார். வகுளா எட்டிப் பார்த்து முகப்பில் இருந்த எண்ணை உரக்கப் படித்தாள். நூற்று முப்பத்தாறு. படியே ஏறாத மனிதருக்கு.

அதற்குப் பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் வாட்ச்சைக் கழற்றித் தகட்டைப் பிய்க்கும் சத்தம்தான் கேட்டது. அந்தக் களேபரத்தில் சுவாமி லிஃப்டில் இறங்கிவிட்டார். யாரோ ஃபோன் செய்து, கீழே போலீஸ் ஜீப் வருவதற்குள் ஆட்டோ ஏறப் பார்த்தவரை, முதல்நாள்வரை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட வெல்லச் சுமைக்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள். விசாரணையில் தெரிந்தது, ஆசாமி பக்கத்து மாவட்டத்தில் செல்போன் உறை விற்றவர். உறை போடும் பழக்கம் விடவில்லை போலும்.

அப்பலராஜு சொன்ன சொல் தவறாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்திருக்கலாம், வாட்ச் சொன்ன அன்றே வந்திருக்க வேண்டாமா என்று டாக்டர் கடிந்துகொண்டார். மருந்து கொடுத்தார். கொண்டம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்குவது நின்றது. இப்போது காலையில் மண்டிக்கு நடந்தே போகிறார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊர் திருந்தியது என்று எழுதிவிடலாம். சுவாமி பிடிபட்ட அடுத்த ஞாயிறு காலை வகுளா கதவைத் திறந்தாள். வாசலில் ஐம்பது, அறுபது பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் வாட்ச். தேங்காய், பழம், பூ. முன்னால் நின்றவள், அன்று சுரைக்காய்க்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே அம்மாள். குனிந்து வகுளாவின் காலைத் தொடப் போனாள்.

"சாமி போலின்னு கண்டுபிடிச்ச மகராசிம்மா நீ. இனிமே நீதான் எங்க வாட்ச்சைப் பார்த்துப் பலன் சொல்லணும்."

வகுளா அவளைத் தூக்கி நிறுத்தினாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"வாட்ச் எச்சரிச்சா டாக்டர்கிட்ட போங்க. உங்க இதயத்தைப் பார்த்துக்க அவங்க இருக்காங்க. உங்க மூளையைப் பார்த்துக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது. அதை ஒருத்தர் கால்ல கழட்டி வச்சுட்டு, அடுத்த கால் எங்கன்னு தேடாதீங்க."