பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பார்க்கலாகாது

குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கென்று உலகத்தில் எத்தனையோ சபைகள் தோன்றி மறைந்திருக்கின்றன. ஆனால் அந்தக் காரியத்தை முப்பத்தெட்டே பக்கத்தில், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, மூன்று பேர் கையெழுத்தோடு செய்து முடித்த பெருமை, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நூல் மில் சுவரை ஒட்டி நிற்கும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கே உரியது. சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் சரித்திரத்துக்குத்தான். பள்ளி ஏற்கெனவே ஃபிளெக்ஸ் வைத்துவிட்டது.

விஷயம் ஒரு சினிமாவில் ஆரம்பித்தது. படத்தின் பெயர் வேண்டாம். அதற்கு நாம் வேறு விளம்பரம் செய்வானேன். கதை வருங்காலத்தில் நடக்கிறது. ஊரில் தண்ணீர் இல்லை. இருக்கிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஓர் இயந்திரம் முடிவு செய்கிறது. பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி நம்பர் போடுகிறது. கடைசி நம்பர் வாங்கிய பிள்ளைகளை மாதம் ஒருமுறை ஒரு கதவு வழியாக வெளியே தள்ளுகிறார்கள். போன பிள்ளை திரும்புவதில்லை. பெற்றோர்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டுகிறார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் இதுதான்.

இந்தப் படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஆறாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டு வைத்தார். ஒரே நாளில் நூற்றுத் தொண்ணூறு குரல்பதிவுகள் வந்து விழுந்தன. கூட்டிக்கொண்டு போகாவிட்டால் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, கூட்டிக்கொண்டு போனால் தூங்காது என்கிறார்கள், நாங்கள் என்னதான் செய்வது என்று தாய்மார்கள் தவித்தார்கள். தணிக்கைச் சான்றிதழில்தான் வயது போட்டிருக்கிறதே என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். பம்பாயில் உட்கார்ந்துகொண்டு போட்ட வயது நம் பக்கத்துப் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்தார்கள்.

பள்ளியின் தாளாளர் அழகுராஜா மில் முதலாளி. ஒரு வேலையை யாரிடம் ஒப்படைத்தால் அது முடியும், யாரிடம் ஒப்படைத்தால் முடிந்த மாதிரி இருக்கும் என்கிற வித்தியாசம் தெரிந்தவர். அவர் 'திரைப்படத் தகுதி ஆய்வுக் குழு' என்று ஒன்றை அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர் ஆங்கில ஆசிரியை பரிபூரணம். செயலாளராக, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்த உக்கிரபாண்டியைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார்.

உக்கிரபாண்டியை ஊரில் எல்லோரும் 'ரைட்டர் ஐயா' என்பார்கள். கதை, கவிதை எழுதியவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் வருகிற புகாரையெல்லாம் எழுதி வாங்கும் ரைட்டர். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே அவசியமில்லை. அவர் அங்கே எழுதிய முப்பத்தொரு வருஷமும் அந்த எல்லைக்குள் யாரும் யாரையும் அடித்ததில்லை. எல்லோரும் விழுந்தார்கள். படியில் விழுந்தார்கள், பாத்ரூமில் விழுந்தார்கள். ஒருவர் வரப்பில் கால் தடுக்கி ஒரே அரிவாள் மேல் நான்கு முறை விழுந்தார். பெண்டாட்டிமார்கள் அடுப்படியில் வழுக்கினார்கள். இப்படி எழுதி எழுதியே அந்த வட்டாரத்தை அமைதிப் பூங்காவாக மாற்றிய கை அது. அதற்காக ஒரு சுதந்திர தினத்தில் பதக்கமும் வாங்கியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் சினிமாவைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிட்டதுதான் ஆச்சரியம்.

ராஜபாளையத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சிக்கு மூவரும் போய் உட்கார்ந்தார்கள். உக்கிரபாண்டி மடியில் நோட்டு, வாயில் பேனா மூடி, இடது கையில் செல்போன் வெளிச்சம். முதல் கொலை விழுந்ததுமே எழுத ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் கொலைக்கான பிரிவு 302 என்று போட்டுவிட்டு, சட்டம் மாறிப்போனது ஞாபகம் வந்து, அதை அடித்து 103 ஆக்கினார். சம்பவ இடம், நேரம், ஆயுதத்தின் நீளம், காயத்தின் ஆழம் ஒன்றையும் விடவில்லை. இயந்திரம் கொன்றால் முதல் எதிரியாக யாரைச் சேர்ப்பது என்று ஓரத்தில் ஒரு சந்தேகக் குறிப்பும் எழுதினார். பின்வரிசை இளவட்டங்கள் செல்போனை அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் காதில் அது விழவே இல்லை. யாரும் குறுக்கே வந்து 'கொஞ்சம் பார்த்து எழுதுங்க ரைட்டரே' என்று சொல்லாமல், கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுவது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தில் இடைவேளைக்குக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.

பரிபூரணம் டீச்சர் முதல் ரத்தத்துக்கே முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டவர், பெயர் ஓடி முடிந்த பிறகுதான் எடுத்தார். 'முழுவதும் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட அது ஒரு தடையாக இருக்கவில்லை.

படத்தில் ஒரு காவலாளி ஒரு பெண்பிள்ளையை இரும்புத் தடியால் அடிக்கிற இடம் வரும். ஆறு அடி என்று உக்கிரபாண்டி எழுதியிருந்தார். ஏழு சத்தம் கேட்டது என்று டீச்சர் முந்தானைக்குள்ளிருந்தே சாட்சி சொன்னார். குழு அங்கேயே கூடி விவாதித்தது. ஒரு குழந்தை மேல் விழுந்த அடி ஆறா ஏழா என்பது என்ன சின்ன விஷயமா? மறுநாள் மூவரும் மறுபடியும் டிக்கெட் எடுத்து, அந்த ஒரு அடிக்காக இரண்டே முக்கால் மணி நேரமும் உட்கார்ந்து எண்ணினார்கள். ஏழுதான். உக்கிரபாண்டி தம் பிழையைத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார். நேர்மை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்.

அறிக்கை தயாரானது. கொலை நாற்பத்தேழு, கொடுங்காயம் நூற்றுப் பன்னிரண்டு, சாதாரணக் காயம் எண்ணிலடங்கா. கடைசிப் பக்கத்தில் தீர்மானம்: 'பதின்மூன்று வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும், இன்னொரு குழந்தை அடிபடுவதைக் கண்ணால் பார்க்கலாகாது. பார்த்தால் தூக்கத்தில் அலறுதல், சோறு இறங்காமை, பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகிய விளைவுகள் ஏற்படும்.'

சனிக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் கூட்டம். பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் அறிக்கை நகலும் பால்கோவாவும் கொடுக்கப்பட்டன. அழகுராஜா பத்தே நிமிஷம் பேசினார். பிள்ளைகளின் பிஞ்சு மனசு என்ற சொல் அதில் பதினோரு முறை வந்தது. உக்கிரபாண்டி தீர்மானத்தை எழுந்து நின்று படித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், ஐயம் உள்ளவர்கள் கேட்கலாம் என்றார்கள். இப்படிச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது கூட்டம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கூமாப்பட்டிக் கிராமத்துப் பாண்டிசெல்வி. புருஷன் ராணுவத்தில், அருணாச்சலப் பக்கம். மகள் மாரிக்கனி இங்கே ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு. தினமும் ஏழு மணி வேனுக்கு ஏறுகிற பிள்ளை. அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நாற்காலியில் முதுகு சாயாமல் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். உக்கிரபாண்டியின் கண் எடுத்த எடுப்பில் அதைத்தான் பார்த்தது. பார்த்ததை நினைத்து அவர் தம் கண்மீதே எரிச்சல்பட்டார்.

"ரைட்டர் ஐயா, இதுல போட்டிருக்கிற மூணும் எம்மகளுக்கு இருக்கு. ராத்திரி முழிச்சு உக்காந்துக்கிடுதா. சோறு இறங்கல. வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டேன்னுட்டா" என்றாள் பாண்டிசெல்வி.

"படம் பாத்துச்சா?"

"பாக்கலய்யா."

"பாக்காம எப்படித் தாயி வரும்? அறிக்கைல தெளிவாப் போட்டிருக்கே" என்றார் உக்கிரபாண்டி, அன்பாகவே.

பாண்டிசெல்வி சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததற்காகக் கருத்தையா சார் பிள்ளையைத் திருப்பி நிறுத்தி மர ஸ்கேலால் அடித்தார் என்று சொன்னாள். தனக்கு வேறொன்றும் வேண்டாம், சண்டைக்கு வரவில்லை, கேஸுக்குப் போகவில்லை. 'அடித்தது உண்மை, இனி அந்த சார் அந்த வகுப்புக்குப் போகக் கூடாது' என்று குழுவின் நோட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அதைக் காட்டி மகளை வேனில் ஏற்றிவிடுவேன் என்றாள். செல்போனை மேடைக்கு நீட்டினாள். அதில் பிள்ளையின் முதுகு இருந்தது.

உக்கிரபாண்டிக்கு ஒரு பார்வை போதும். அகலவாக்கில் இல்லை, ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து அடித்த அடி. ஐந்து. எண்ணக் கூடாது என்று நினைப்பதற்குள் மனசு எண்ணி முடித்துவிட்டது. தியேட்டரில் ஓடிய பேனா இப்போதும் ஓடப் பார்த்தது. தம்மையறியாமல் அவர் தேதியைக்கூட எழுதிவிட்டார். நெஞ்சில் ஏதோ செய்தது. வெட்கம் என்றுதான் அதற்குப் பேர்.

அழகுராஜா லேசாகக் கனைத்தார். பத்தாம் வகுப்புக் கணக்கில் கருத்தையா சார் ஒன்பது பேருக்கு நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்தவர். அந்த ஒன்பது பேரின் படமும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ விதமான கனைப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் கனைப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனா நின்றது.

"எங்க வச்சு அடிச்சாவ?" என்று உக்கிரபாண்டி கேட்டார்.

"வகுப்புல."

"அது குழு எல்லைக்குள்ள வராதே தாயி. தியேட்டர்னா வரும். அதுவுமில்லாம பிள்ளை பெஞ்சு இடுக்குல விழுந்திருக்கலாம். ஆறாவது பெஞ்சு கொஞ்சம் ஆடுதுன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு."

"விழலய்யா. நாப்பது பிள்ளைக பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அடுத்த நிமிஷம் முன்வரிசையிலிருந்து பாத்திரக்கடை தங்கப்பாண்டியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் மகனும் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு.

"அப்ப எம்மவனும் பாத்திருக்கான்" என்றார்.

அவ்வளவுதான். நாற்பது வீட்டுக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். என் மகள் நாலு நாளாக ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறாள் என்று ஒரு தாய். என் பையன் பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான் என்று ஒரு தகப்பன். பதினொரு வயதுப் பிள்ளை பார்க்கிற காட்சியா அது, பீஸ் கட்டுவது இதைக் காட்டவா, பிஞ்சு மனசு என்னத்துக்கு ஆகும் என்று மேடையை நோக்கி வந்தார்கள். பாண்டிசெல்விக்குக் கண் கலங்கியது. ஊரே தன் மகளுக்காக எழுந்து நிற்கிறது என்று அவள் நினைத்தாள். பாவம், அவள் கூமாப்பட்டியிலிருந்து வருகிறவள்.

குழு மேடையிலேயே அவசரமாகக் கூடியது. உக்கிரபாண்டிக்கு உயிர் வந்தது. இது இப்போது எல்லைக்குள் வந்துவிட்ட விஷயம். அவர் மளமளவென்று எழுதினார். டீச்சர் வாசிக்காமலே கையெழுத்திட்டார். தலைவர் வாசித்துவிட்டு, இரண்டு இடத்தில் தலையாட்டி, கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. உக்கிரபாண்டி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

'செவ்வாய்க்கிழமை ஆறாம் வகுப்பு பி பிரிவில் நிகழ்ந்த காட்சி, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பார்க்கத் தகாதது என்று இக்குழு ஏகமனதாகக் கண்டறிகிறது. நாற்பது குழந்தைகள் அதைப் பார்க்க நேர்ந்தமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் மேற்படி ஆசிரியர் மேற்படி நடவடிக்கையை ஆசிரியர் ஓய்வறையில், கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் திரை இட்ட பிறகே மேற்கொள்ள வேண்டும். திரைத்துணி, நிர்வாகத்தின் சொந்த மில்லிலிருந்து இலவசமாக வழங்கப்படும்.'

கைதட்டல் மில் சங்குச் சத்தத்தையும் அமுக்கியது. தங்கப்பாண்டியன் மேடையேறி மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார். இனிமேல் நிம்மதியாகப் பிள்ளையை அனுப்பலாம் என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மிச்சப் பால்கோவாவை மடித்து எடுத்துக்கொண்டார்கள்.

பாண்டிசெல்வி மட்டும் போகவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாஞ் சரிங்கய்யா. இனிமே மத்த பிள்ளைக பாக்காது. எம்பிள்ளை?"

உக்கிரபாண்டி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். இவ்வளவு தெளிவாக எழுதியும் ஒரு தாய்க்கு விளங்கவில்லையே என்று அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

"அதுவும் பாக்காது தாயி" என்றார். "அடி முதுகுலதான விழுது."