கொர்னேலியஸின் முதுகு

சங்கீதம் காது சம்பந்தப்பட்டது என்று உலகம் நெடுங்காலம் தவறாக நம்பி வந்தது. அது முழுக்க முழுக்க முதுகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று கண்டுபிடித்து மனித குலத்துக்கு வழங்கிய பெருமை, மைசூர் அரண்மனையின் மரியாதை இலாகாவையே சேரும். ஐரோப்பாவில் எத்தனையோ மேதைகள் வாழ்ந்து மறைந்தார்கள். பாவம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

கண்டுபிடிப்புக்குக் காரணமாக இருந்த முதுகு, பேண்டு மாஸ்டர் கொர்னேலியஸுடையது. வயலின், வீணை, கிளாரினெட், பெரிய முரசு எல்லாவற்றையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஒருவரையொருவர் முறைக்காமல் வாசிக்கவைப்பதற்குள் அவருக்குத் தலை வழுக்கையாகிவிட்டது. மகாராஜாவின் பிறந்தநாள் தர்பாருக்காகக் கல்யாணி ராகத்தில் சொந்தமாக ஒரு உருப்படி எழுதியிருந்தார். அதன் நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கும். வீணை மட்டும் தனியாக நாலு வார்த்தை பேசும். பிறகு மாஸ்டர் கையைத் தூக்க, அத்தனை பேரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். அந்த ஒரு இடத்தில்தான் கொர்னேலியஸ் உயிரையே வைத்திருந்தார். தர்பாரில் அது எடுபட்டால் கோஷ்டி அரண்மனையில் நிலைக்கும். எடுபடாவிட்டால் யானை லாயத்துக்கு மாற்றம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

ஒத்திகை பார்க்க, மரியாதை இலாகாவின் பேஷ்கார் செல்வப்பிள்ளை ஐயங்கார் எழுந்தருளினார்.

"ஓய் மாஸ்டர், நீர் எந்தப் பக்கம் பாத்துண்டு நிப்பீர்?"

"வாசிக்கிறவங்களப் பாத்துதான் சார்."

"அப்போ சிம்மாசனத்துக்கு என்ன தெரியும்?"

கொர்னேலியஸ் யோசித்தார். "என் முதுகு சார்."

"பெருமாளே!" என்று பேஷ்கார் காதைப் பொத்திக்கொண்டார்.

உடனே அவசரக் கமிட்டி கூடியது, அவசரமில்லாமல் விவாதித்தது. எதிரே ஒரு பெரிய கண்ணாடி வைக்கலாம் என்றார் ஒருவர். கண்ணாடியில் வலது இடதாகிவிடும், வலப்பக்கப் பிரபுக்கள் இடப்பக்கம் போய் அந்தஸ்து இழப்பார்கள் என்று அது தள்ளுபடியானது. மாஸ்டர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபடியே கோஷ்டியை நடத்தலாம் என்ற யோசனைக்குப் பலத்த வரவேற்பு இருந்தது. ஆனால் கையை ஆட்டினால் நீந்துவதுபோல் இருக்குமே என்று வருத்தத்துடன் கைவிட்டார்கள். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது: மாஸ்டர் அரியணையைப் பார்த்துக் கைகூப்பி, தலைகுனிந்து நிற்பார். கோஷ்டி அவருக்குப் பின்னால் உட்காரும். அவர் தலைப்பாகையிலிருந்து முதுகில் தொங்கும் வால், இனி 'கை' என்று கருதப்படும்.

வால் தூரத்துக்கும் தெரியவேண்டுமே! மனைவி ஜேன் அதற்கு ஜரிகை வைத்துத் தைத்தாள். "ஊர்ல எல்லாரும் புருஷனுக்குப் பட்டன் தைக்கிறாங்க. நான் வால் தைக்கிறேன்," என்றாள்.

முரசு அடிக்கும் சித்தையன் கொள்ளேகாலத்துக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்பவன். "ஏனுங்க மாஸ்டர், வாலு வலப்பக்கம் வந்தா நானு அடிக்கோணுமா, நிறுத்தோணுமா?"

"வலம் வந்தா அடி. இடம் வந்தா நிறுத்து. வேற எதையும் யோசிக்காத."

"நானு எதுக்குங்க யோசிக்கறேன்?"

தர்பார் கூடியது. உருப்படி அழகாகத் தொடங்கி அழகாக அடங்கியது. வீணை தனியாகப் பேச ஆரம்பித்தது. மகாராஜாவின் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் ஆசையை அடக்க முடியாமல், கொர்னேலியஸ் விதியை மீறி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

அரியணையில் மெத்தை இருந்தது. மெத்தைமேல் வாள் இருந்தது. மகாராஜா ஜலதோஷத்தால் வரவில்லை, தமக்குப் பதிலாக வாளை அனுப்பியிருந்தார்.

"சார், அங்க யாருமே இல்லியே! திரும்பிக்கட்டுமா?" என்று, தலையைப் பலமாக இப்படியும் அப்படியும் ஆட்டி, பக்கத்தில் நின்ற பேஷ்காரிடம் கிசுகிசுத்தார்.

"நாற்காலி இருக்கோல்லியோ?" என்றார் பேஷ்கார்.

அதற்குள் வால் வலம் போய், இடம் போய், மறுபடி வலம் போயிருந்தது. சித்தையன் அடித்தான், நிறுத்தினான், மறுபடி அடித்தான். கிளாரினெட்டும் வயலின்களும் அவனை நம்பிப் பாய்ந்தன, நின்றன, பாய்ந்தன. வீணை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கைகூப்பியபடியே கொர்னேலியஸ் அழுதார். பக்தி என்று சபை நினைத்துக்கொண்டது.

"பேஷ்! இதுவல்லவா ஐரோப்பிய நாகரிகம்!" என்றார் ஒரு பிரபு.

எந்த முதுகும் எந்தத் தருணத்திலும் அரியணைக்குத் தென்படவில்லை. ஆகவே கச்சேரி மகத்தான வெற்றி என்று இலாகா அறிவித்தது. பேஷ்காருக்கு 'சங்கீத சம்ரக்ஷகர்' பட்டம் கிடைத்தது. முரசு சற்றே பலமாக இருந்ததால், கோஷ்டி யானை லாயத்துக்கு 'உயர்த்தப்பட்டது'.

லாயத்தில் கொர்னேலியஸ் தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யானைகளுக்கு முதுகைக் காட்டி, தன் ஆட்களைப் பார்த்து நின்று கையைத் தூக்கினார். எல்லாம் அடங்கியது, வீணை பேசியது, அத்தனை பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். பட்டத்து யானை தழை தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றது.

செய்தி எட்டியதும் பேஷ்கார் ஓடிவந்தார். "பட்டத்து யானைக்கு முதுகைக் காட்டிண்டா நின்னீர்? அது ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுது சார்," என்றார் கொர்னேலியஸ். "அது மட்டும்தான் கேட்டுது."