டிக் டிக் பெட்டி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பெட்டி திடீரென்று நின்றுவிட்டது. கூடவே சின்னப்பையனும் நின்றுவிட்டார்.

பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட இடது காலைப் பழக்க ஆஸ்பத்திரியில் இடுப்பில் மாட்டிவிட்ட பெட்டி அது. ஒயர் வழியாகக் காதுக்குள் ‘டிக், டிக்’ என்று அடிக்கும். ஒரு டிக்குக்கு ஓர் அடி. டிக் நின்றால் விழுந்துவிடுவோம், விழுந்தால் அப்புறம் எழவே மாட்டோம் என்று அவருக்கு உயிர்ப் பயம். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், உயரத்தில் கூட இப்படி நடுங்கியதில்லை.

“சொக்கு, பெட்டி பூட்ச்சிடி! நான் விழப் போறேன்!”

மனைவி சொக்கம்மாள் ‘பட் பட்’டென்று கை தட்டினாள். “இந்தா, இத்த கேட்டு நட!”

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு ஷேர் ஆட்டோ வந்து அவர் முட்டியை உரசி நின்றது.

சொக்கம்மாள் விடவில்லை. “தம்பி, அடிக்கு ஒரு ஹாரன் அடிப்பா, புண்ணியமாப் பூடும்.”

ஆட்டோக்காரர் அடித்தார். சின்னப்பையன் நான்கு அடி நடந்தார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரனுக்கு ரோஷம் வந்து, அவனும் ஏர் ஹாரனை அலறவிட்டான். சின்னப்பையன் பதறிப்போய், சுவரைப் பிடித்தபடி பக்கத்துத் தெருவுக்குள் ஒதுங்கினார்.

அங்கே முதுகுக்குப் பின்னால் சாவு மேளம். கூடவே பூப்பல்லக்கில் பிணம்.

கால் தானாக எழும்பியது.

“யோவ், எங்க போற? வூடு இந்தாண்ட கீது!”

“நான் எங்கடி போறேன்? மேளம் இட்டுகினு போவுது! சுடுகாட்லதான் வுடும் போலகீது!”

நிற்கவும் பயம், நின்றால் விழுவோம். நடக்கவும் பயம், நடந்தால் சுடுகாடு. வியர்வை வழிய, கண்ணில் நீர் முட்ட, ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

“இன்னா மேளம் இது, நொண்டி நொண்டி அடிக்குது?” என்று முணுமுணுத்துக்கொண்டே சொக்கம்மாள் பின்னால் ஓடினாள்.

சுடுகாட்டு வாசலில் கம்பிக்கதவைக் கட்டிக்கொண்டு சின்னப்பையன் விம்மினார். “நிறுத்திடாதீங்கப்பா! உங்க மேளம் இல்லன்னா என்னால ஒரு அடி வெக்க முடியாது!”

மேளக்காரர் துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா கீதே நைனா! முன்னால நடக்கற பெரியவரு கால பாத்து அடிக்கிறதுதான் எங்க வழக்கம். வழி பூரா நாங்கதான் உன் காலுக்கு அடிச்சிகினு வந்தோம்!”